இரண்டு விரற்கடை

கெரிஞ்சி, ஒன்பதாம் மாடி. இரவு இரண்டு பத்து.
திரையில் பனி கொட்டுகிறது.
பனியை நான் தொட்டதில்லை.
ஏர்கோன் குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு
பனியில் ஓடுகிறவர்களை எண்ணுகிறேன்.

வேலை இதுதான்:
அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகள் பந்தெறிவதை
நொடியைப் பத்தாய் நறுக்கிப் பார்ப்பது.
பந்து கைக்கு வந்து கையை விட்டுப் போகும்வரை எத்தனை நொடி.
கண் முதலில் யாரைத் தேடியது, பிறகு யாரை.
இடித்துச் சாய்க்க ஆள் வரும்போது
கால் நின்றதா, நழுவியதா.
ஓர் எறிதலுக்கு இருபத்திரண்டு கட்டங்கள்,
ஓர் இரவுக்கு நூற்றறுபது எறிதல்கள்.
நிரப்பிக்கொண்டே இருந்தால்
ஏப்ரலில் எவரோ ஒரு முதலாளி
ஒரு பையனின் பெயரைச் சொல்வார்.

முதல் மாதம் பந்தைப் பார்த்தாலே சிரிப்பு.
வேப்பங்கொட்டையை வீசுகிறான்கள் என்றேன்.
நோர்லைலாவுக்கு அதை மலாயில் விளக்குவதற்குள்
இடைவேளை முடிந்துவிட்டது.

இப்போது குவார்ட்டர்பேக்குகளை நடையிலேயே தெரியும்.
டெக்சஸ் அழகனுக்கு இரண்டாவது ஆளைப் பார்க்கப் பொறுமை கிடையாது.
உயரக்காரனுக்கு, அவசரம் வந்தால்,
ஒரு கால் மற்றதோடு பேசாது.
இடக்கையன் விழுந்துகொண்டே எறிவான்,
பந்து போய்ச் சேரும்,
எப்படி என்று எந்தக் கட்டத்திலும் எழுத முடியாது.

பிறகு பதினாலாம் நம்பர், ஓஸ்ட்மன்.
சுமாரான கை என்றுதான் எல்லாரும் எழுதியிருந்தார்கள்.
பந்து எதிரியிடம் சிக்கினால்
தப்பான பக்கம் ஓடியவனிடம் போய்
அவன் தலைக்கவசத்தைத் தட்டுவான். மூன்று தட்டு.
தப்பு யாருடையது என்று
அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
அதற்குக் கட்டம் இல்லை.

ஏழாவது ஆட்டத்திலிருந்து முழங்கை தாழ்கிறது.
இரண்டு விரற்கடை.
கேமரா கோணம் என்று நினைத்தேன்.
பழைய ஆட்டத்தைப் பக்கத்தில் நிறுத்தி,
திரையில் ஸ்டிக்கர் ஒட்டி அளந்தேன்.
எட்டில் இரண்டு. ஒன்பதில் இரண்டரை.
பத்தாவதில், எறிந்த கையை
இடுப்புத் துண்டில் துடைப்பதுபோல் தாங்கிக்கொள்கிறான்.
மறைக்கிறான்.
ஐம்பதாயிரம் பேர் முன்னால் நின்று மறைக்கிறான்,
யாரும் பார்க்கவில்லை என்று நம்பி.

கடைசிக் கட்டம்: பிற குறிப்புகள். கட்டாயமில்லை.
எழுதினேன். அழித்தேன்.
முகம் கழுவி வந்து உட்கார்ந்தேன்.
எனக்கும் ஓர் அட்டை உண்டு,
துல்லியம் தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு.
மாதாமாதம் லியோங் அதை வாசித்துக் காட்டுவார்.
என் மணிக்கட்டு வலியை அவரிடம் சொன்னதில்லை,
ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது.

பாங்கு ஒலிக்கும் நேரம் எழுதினேன்:
'முழங்கை தாழ்வு, ஏழாவது ஆட்டம் முதல்.'
அனுப்புவதற்கு முன் 'பார்க்கவும்' என்று சேர்த்தேன்,
யாராவது ஒரு டாக்டர் படிக்கக்கூடும் என்று.

ஏப்ரல், வெள்ளி, காலை எட்டு.
மாமாக் கடையில் பசியாறிக்கொண்டே போனில் பார்த்தேன்.
முதல் பெயர் டெக்சஸ் அழகன்,
கோட்டுப் போட்டுக்கொண்டு அழுதான்.
உயரக்காரன் ஒன்பதாவது.
ரொட்டி சானாய் ஆறி ரப்பராகிவிட்டது.
சனிக்கிழமையும் இல்லை.
ஞாயிறு விடிவதற்குள் ஏழு சுற்றும் முடிந்து
இருநூற்றுச் சொச்சம் பெயர்கள், இடக்கையன்கூட உண்டு,
ஓஸ்ட்மன் இல்லை.

என் வரியாலா, சுமாரான கையாலா?
கேட்பதற்கு எனக்கு ஓர் எண் கிடையாது,
அவனுக்கு என் பெயர் கிடையாது.

"யாரைத் தேடுற?" என்றாள் நோர்லைலா, அரைகுறைத் தமிழில்.
யாருமில்லை என்றேன்.

திங்கள் இரவு புதிய கோப்பு வந்தது.
அடுத்த ஆண்டுப் பையன்கள், வெயில்,
எல்லா முழங்கைகளும் உயரத்தில்.
மணிக்கட்டில் கோடாலித் தைலம் தடவி
சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு
முதல் எறிதலைத் திறந்தேன்.